ப்ரொமாயா பிடித்த கம்ப்யூட்டர்

லுகோவோ ஊரில் கம்ப்யூட்டர்களுக்கு ஜலதோஷம் பிடித்திருந்தது.

சிரிக்காதீர்கள். இரண்டாயிரத்து ஆறாம் வருஷத்துக் கோடையில் எங்கள் ஊருக்கு வந்து இப்படிச் சிரித்திருந்தால் அடுத்த பஸ்ஸிலேயே ஏற்றி அனுப்பியிருப்பார்கள். சந்தைக் கிழமையன்று மிளகாய்க் கடைக்கும் முழுப் பன்றி வாட்டுகிற கடைக்கும் நடுவே நூற்றைம்பது பேர் வரிசையில் நின்றார்கள். எல்லோரிடமும் ஒரு கம்ப்யூட்டர். சிலர் தள்ளுவண்டியில் கொண்டுவந்தார்கள், ஒருவர் பேரனுடைய குழந்தை வண்டியில், இன்னொருவர் டிராக்டரில் வைக்கோல் பரப்பி அதன்மேல். அத்தனைக்கும் கம்பளிப் போர்வை. வெயில் முப்பத்தெட்டு டிகிரி. மனுஷனுக்கு வியர்த்துக் கொட்டுகிறது, மெஷினுக்குக் கம்பளி.

எங்கள் செர்பியாக்காரன் லேசில் பயப்படுகிறவன் அல்ல. சண்டையைப் பார்த்தவன். கையில் இருந்த பணம் ஒரே வாரத்தில் வெறும் காகிதமானதைப் பார்த்தவன். இருந்த இடத்திலேயே உட்கார்ந்தபடி நாட்டின் பெயர் மாறிக்கொண்டே போனதைப் பார்த்தவன். ஆனால் அறையில் எதிரெதிராக இரண்டு ஜன்னல் திறந்திருந்தால் மட்டும் வெலவெலத்துப் போவான். அந்த இரண்டு ஜன்னலுக்கும் ஊடே பாய்கிற காற்றுக்குப் பெயர் ப்ரொமாயா. கழுத்து பிடித்துக்கொண்டால் ப்ரொமாயா. பல் வலித்தால் ப்ரொமாயா. இடுப்பு, மூட்டு, காது, பிள்ளை பரீட்சையில் தேறாதது, எல்லாம் ப்ரொமாயா. பெயரிலேயே பாதி மாயா இருக்கிறது. அதற்குமேல் ஆராய்ச்சி எதற்கு என்று விட்டுவிட்டார்கள்.

இந்த ஊருக்கு டெலிபோன் கம்பி வழியாக இன்டர்நெட் வந்தது. கூடவே குப்பையும் வந்தது. கேட்காமலே திரையில் துள்ளித் திறக்கும் ஜன்னல்கள்: பரிசு விழுந்திருக்கிறது, இங்கே அமுக்கு. ஈமெயில் பெட்டி நிறைய முகம் தெரியாத இளவரசர்களின் சொத்து. தெரியாமல் எதையாவது அமுக்கினால் உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும் வேவு புரோகிராம்கள். உலகம் பூராவும் இந்தத் தொல்லை இருந்தது. அதைத் தடுக்கச் சாதாரணமான புரோகிராம்களும் இருந்தன. ஆனால் பாருங்கள், எங்கள் பாஷையில் சுவரில் இருக்கிற ஜன்னலுக்கும் திரையில் திறக்கிற ஜன்னலுக்கும் ஒரே சொல்தான். மாஸ்டர் புதிமிருக்கு அந்த ஒரு சொல் போதுமாக இருந்தது.

மாஸ்டர் புதிமிர் பிளாஸ்டிக் ஜன்னல் விற்றுக்கொண்டிருந்தவர். ஊரில் எல்லார் வீட்டிலும் ஜன்னல் மாற்றியாகிவிட்டது, வியாபாரம் படுத்துவிட்டது. வேறு ஆளாக இருந்தால் வேறு ஊர் பார்த்திருப்பான். இவர் வேறு ஜன்னல் பார்த்தார்.

"ஒரே நேரத்துல எத்தன ஜன்னல் திறக்குது?" என்று வரிசையில் முதலில் நின்றவரைக் கேட்டார் மாஸ்டர்.

"ஏழு எட்டு இருக்கும் மாஸ்டர்."

"வீட்ல ரெண்டு ஜன்னல எதிரெதிரா திறந்து வச்சா என்ன ஆவும்?"

"கழுத்து போயிடும்."

"ஏழு திறந்தா?"

"ஆளே போயிடுவான்."

"அப்ப இந்த வாயில்லா மெஷினு எப்படிங்க தாங்கும்?"

கூட்டம் உச்சுக்கொட்டியது. எவ்வளவு படித்த கேள்வி!

பிறகு மாஸ்டர் ஒரு மெழுகுவத்தியை ஏற்றினார். ஜன்னல் வியாபாரத்தில் இது பழைய வித்தை. இடுக்கில் காற்று வருகிறதா என்று காட்ட மெழுகுவத்தியைப் பிடிப்பார்கள். சுடர் சாய்ந்தால் புது ஜன்னல் வாங்க வேண்டும். அதே மெழுகுவத்தியைக் கம்ப்யூட்டரின் முதுகுப்புறம் கொண்டுபோய்ப் பிடித்தார். சுடர் படபடத்துச் சாய்ந்தது.

"பாத்துக்குங்க. காத்து உள்ள பூந்துருச்சு."

பெண்கள் மார்பில் சிலுவை போட்டுக்கொண்டார்கள். ஆண்கள் தொப்பியைக் கழற்றினார்கள். கம்ப்யூட்டருக்குள் சூடு தணிக்க ஒரு சின்ன விசிறி சுற்றிக்கொண்டிருக்கிறது, அது ஊதினால் சுடர் சாயாமல் என்ன செய்யும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. தோன்றினாலும் அந்தக் கூட்டத்தில் யார் வாயைத் திறப்பது?

நோய் தெரிந்துவிட்டது. மருந்து? 'அடைப்பான்' என்று ஒரு சி.டி. ஜன்னல் இடுக்கில் ஒட்டுகிற ரப்பர் பட்டைக்கு எங்கள் ஊரில் என்ன பெயரோ அதே பெயர். வியாபாரம் மாறினாலும் மனுஷன் நன்றி மறக்கவில்லை. சி.டி.யோடு மூன்று முடிச்சுப் போட்ட சிவப்பு நூல் ஒன்று, டெலிபோன் கம்பியில் கட்ட. பிறந்த குழந்தைக்குக் கண்படாமல் கட்டுகிற அதே நூல்தான். சி.டி.யைப் போட்ட பிறகு ஜன்னல்கள் முன்னைவிட அதிகமாகத் துள்ளின. அதற்கும் மாஸ்டரிடம் பதில் இருந்தது: "உள்ள போன காத்து வெளிய வர்றப்ப கொஞ்சம் ஆட்டம் காட்டும். அப்படியும் அடங்கலன்னா பெரிய துப்புரவு பண்ணணும்."

பெரிய துப்புரவு என்றால் கம்ப்யூட்டரில் இருக்கிற அத்தனையையும் அழிப்பது. ஒரு ஃபைலுக்கு இத்தனை என்று கூலி. ஊர் நூலகத்தில் செய்தார். புத்தகப் பட்டியல் போயே போய்விட்டது. "போனா போகுது, ஜன்னல் திறக்கல பாருங்க" என்றார் நூலகர், நிம்மதியாக. வீடு முழுக்கக் கொளுத்திவிட்டு மூட்டைப்பூச்சி போய்விட்டது என்று சந்தோஷப்படுகிற மாதிரி.

இனி விதோசவாவின் கதைக்கு வருவோம். கதையே அவளுடையதுதான்.

விதோசவா லுகோவோ அரசு ஆஸ்பத்திரியில் பதிவு குமாஸ்தா. ஐம்பத்தொரு வயது. இருபத்தாறு வருஷமாக அதே மேஜை. ஆஸ்பத்திரிக்கு வரும் ஒவ்வொரு கடிதத்தையும் உள்வரவுப் பதிவேட்டில் ஏற்றுவது அவள் வேலை: எண், நாள், மணி, அனுப்பியவர், பொருள், வந்த வழி. ஆறு கட்டம். ஒன்றுகூடக் காலியாக இருக்கக் கூடாது. இன்டர்நெட் வந்தபோது "வருகிற கடிதம் எதுவானாலும் பதிவு செய்க" என்று மேலே இருந்து உத்தரவு வந்தது. எழுதியவர் எதை நினைத்து எழுதினாரோ, விதோசவா உத்தரவை அப்படியே எடுத்துக்கொண்டாள். எண் 2,318. அனுப்பியவர்: ஒரு இளவரசர். பொருள்: வாரிசுச் சொத்து. வந்த வழி: கம்பி. முத்திரை. எண் 2,319. அனுப்பியவர்: தெரியவில்லை. பொருள்: ஆண்மை. வந்த வழி: கம்பி. முத்திரை. திரையில் துள்ளும் ஜன்னலில் எழுத்து இருந்தால் அதுவும் கடிதம்தானே? அதற்கும் ஒரு எண்.

"ஏன்டி விதா, ஒனக்கு வேற வேலையே இல்லயா?" என்று தடுப்பூசி நர்ஸ் யாகோதா கேட்பாள்.

"உத்தரவு யாகோதா. அந்த இளவரசன் நாளைக்கி வந்து என் கடிதாசி எங்கன்னு கேட்டா நீயா பதில் சொல்லுவ?"

ஜன்னல்கள் துள்ளித் துள்ளி வேலை ஓடாமல் போனபோது ஆஸ்பத்திரித் தலைமை டாக்டர் மிலுதின் மூன்று பேர் குழு போட்டார்: டாக்டர், யாகோதா, விதோசவா. எந்தப் புரோகிராமை வாங்குவது என்று முடிவு செய்ய வேண்டும். மேஜையில் இரண்டு இருந்தன. ஒன்று யாகோதா பத்திரிகையில் படித்துவிட்டுக் கொண்டுவந்தது. துள்ளும் ஜன்னலைத் தடுக்கும், குப்பை மெயிலை ஒதுக்கி வைக்கும், வேவு புரோகிராமை வாரம் ஒருமுறை தேடும். இலவசம். இன்னொன்று அடைப்பான்.

"இலவசமா?" என்று டாக்டர் மூக்கைச் சுளித்தார். "சும்மா குடுக்கறவன் பின்னாடி என்னத்தக் கேப்பானோ? நூல் உண்டா இதுல?"

"இல்ல டாக்டர். புரோகிராம் மட்டும்தான்."

"பாத்தியா. நூல்கூட இல்ல."

இவர் டாக்டர். மருத்துவக் கல்லூரியில் ஆறு வருஷம் படித்தவர். மருந்துச் சீட்டின் அடியில் 'ப்ரொமாயா ஆகாது' என்று எழுதிக் கோடும் போடுகிறவர்.

ஓட்டெடுப்பு. டாக்டர் அடைப்பானுக்கு. யாகோதா இலவசத்துக்கு. விதோசவா? எட்டு வருஷத்துக்கு முன் பஸ்ஸில் திறந்த ஜன்னலோரம் தூங்கி எழுந்தபோது அவளுக்கு இடது கன்னம் கோணிவிட்டது. நரம்பு என்றார்கள் பெரிய ஆஸ்பத்திரியில். ப்ரொமாயா என்றது ஊர். விதோசவா ஊரை நம்பினாள். இன்றுவரை கழுத்தில் ஒரு துணி சுற்றாமல் வெளியே போக மாட்டாள். அவள் அடைப்பானுக்குக் கை தூக்கினாள். தூக்கியதோடு நில்லாமல் குறிப்பேட்டில் எழுதிக் கையெழுத்தும் போட்டாள். சிவப்பு நூலையும் அவளே கட்டினாள். யாகோதா நான்கு நாள் அவளோடு காப்பி குடிக்கவில்லை.

மூன்றே வாரம். ஜன்னல்கள் இரண்டு மடங்காயின. மாஸ்டர் புதிமிர் மெழுகுவத்தியோடு வந்தார், பிடித்தார், தலையை ஆட்டினார்.

"கொழந்தைங்க ஃபைலுக்குள்ள போயி ஒக்காந்திருக்கு டாக்டர். அதான் பெருசு, அதுலதான் காத்து தங்கும். வர்ற வெள்ளிக்கெழம பெரிய துப்புரவு பண்ணிடலாம்."

குழந்தைகள் ஃபைல் என்றதும் விதோசவா பேனாவைக் கீழே வைத்தாள்.

அந்த வருஷம் ஏப்ரலில் ஆறு பெருகி ஆஸ்பத்திரியின் நிலவறைக்குள் வந்துவிட்டது. சுற்றுவட்டாரத்துப் பிள்ளைகள் ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு பேரின் தடுப்பூசி அட்டைகள் அங்கேதான் இருந்தன. ஐந்து வாரம் விதோசவாவும் யாகோதாவும் நனைந்த அட்டைகளைக் கஞ்சியிலிருந்து ஆடை எடுப்பது போல ஒவ்வொன்றாகப் பிரித்து, படித்து, கம்ப்யூட்டரில் ஏற்றினார்கள். எந்தப் பிள்ளைக்கு எந்த ஊசி, எந்தத் தேதி, எதற்கு உடம்பில் தடிப்பு வந்தது, யாருக்கு எந்த மருந்து ஆகவே ஆகாது. அட்டைகளில் பூஞ்சை ஏறிவிட்டதால் பிறகு எரித்துவிட்டார்கள். உலகத்தில் அந்தக் கணக்கு இருந்த ஒரே இடம் அந்தக் கம்ப்யூட்டர்.

"டாக்டர், அழிக்கறதுக்கு முன்னாடி ஒரு நகல் எடுத்துக்கறேன்" என்றாள்.

"நகலா? நோய் பிடிச்சத இன்னொரு எடத்துல கொண்டு வைப்பியா? நான் டாக்டர் விதோசவா. தொத்த வெளிய விட மாட்டேன்." அதை எழுத்திலும் கொடுத்தார், முத்திரையோடு: நகல் எடுக்கக் கூடாது.

"அப்ப பிள்ளைங்களுக்கு?"

"மறுபடி முதல்லேருந்து ஊசி போட்டுட்டா போச்சு."

யாகோதா அழுதேவிட்டாள். "ஒத்துக்காதுன்னு எழுதி வச்ச பிள்ளைங்க பதினோரு பேர் விதா. யாரு யாருன்னு எனக்கு நெனவு இருக்குமா? ஒண்ணு தப்பிப் போட்டாலும் போச்சே. இதுக்குத்தான கை தூக்கின நீ?"

இருபத்தாறு வருஷத்தில் முத்திரை வைத்த எந்த உத்தரவையும் விதோசவா மீறியதில்லை. கையெழுத்துப் போட்ட கையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

அந்த வாரம் திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்குத் தெருவில் குழாய் பதிக்க வந்தவர்கள் மண்வாரியால் டெலிபோன் கம்பியை அறுத்துவிட்டார்கள். அறுத்துவிட்டுக் காப்பி குடிக்கப் போனார்கள். எங்கள் ஊரில் அதற்குப் பிறகு என்ன நடக்கும் என்று கேட்கவே வேண்டாம்: புதன்கிழமை மாலை வரை ஆஸ்பத்திரிக்கு போனும் இல்லை, இன்டர்நெட்டும் இல்லை.

விதோசவா வழக்கம்போலப் பதிவேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். திரையில் ஒரு ஜன்னல் துள்ளியது: ஆபத்து, காற்று புகுந்துவிட்டது, உங்கள் மாஸ்டரைக் கூப்பிடவும். எண் போட்டாள். நாள். மணி. அனுப்பியவர் தெரியவில்லை. பொருள் ஆபத்து. வந்த வழி...

பேனா நின்றது.

கம்பி என்று எழுத முடியாது. கம்பி தெருவில் இரண்டு துண்டாகக் கிடக்கிறது. வேலைக்கு வரும்போது அவளே அதைத் தாண்டினாள். தபால் என்று எழுத முடியாது. நேரில் என்று எழுத முடியாது. இருபத்தாறு வருஷத்தில் முதல் தடவையாக அவள் ஒரு கட்டத்தைக் காலியாக விட்டாள். பதினோரு நிமிஷம் கழித்து இன்னொரு ஜன்னல். அதற்கும் வழி இல்லை. புதன் மாலைக்குள் எண்பத்தாறு ஜன்னல், எண்பத்தாறு காலிக் கட்டம். பக்கத்தைப் பார்த்தாலே அவளுக்கு உடம்பு கூசியது.

ப்ரொமாயாவை அவள் நம்பினாள். அதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் வெளியிலிருந்து வருகிற எதுவும் ஒரு வழியாகத்தான் வர வேண்டும் என்பதையும் நம்பினாள். வழியே இல்லாமல் ஒரு கடிதம் மேஜைக்கு வந்தால் அதற்கு அர்த்தம் ஒன்றுதான். அதை மேஜையில், அந்தக் கம்ப்யூட்டருக்குள்ளேயே இருக்கிற யாரோ எழுதுகிறார்கள்.

"யாகோதா," என்று கூப்பிட்டாள். "எக்ஸ்ரே அறைக்குப் புதுசா ஒரு கம்ப்யூட்டர் வந்திருக்கில்ல, அதப் பிரிச்சிட்டாங்களா?"

"இல்லியே. முத்திரையோட அப்படியே இருக்கு."

"நல்லது. வெள்ளிக்கெழம வரைக்கும் யாரயும் தொட விடாத. அப்புறம், பிள்ளைங்களப் பெத்தவங்களுக்கெல்லாம் சொல்லிவிடு. மறு ஊசி போடப் போறாங்க, வெள்ளிக்கெழம பத்து மணிக்கு வந்து கேளுங்கன்னு."

யாகோதா சொல்லிவிட்டாள். நூலகத்தின் புத்தகப் பட்டியல் போனபோது அசையாத ஊர், பிள்ளைகளுக்கு மறுபடி ஊசி என்றதும் அசைந்தது. வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு ஆஸ்பத்திரிக் கூடத்தில் நிற்க இடமில்லை. மாஸ்டர் புதிமிர் முதல் வேலையாக எல்லா ஜன்னலையும் மூடச் சொன்னார். வாசல் கதவைச் சாத்தி அடியில் ஈரத் துண்டு திணிக்கச் சொன்னார். உள்ளே இருநூறு பேர், வெந்துகொண்டிருந்தார்கள். போர்வை சுற்றிய தங்கள் கம்ப்யூட்டரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தவர்களும் இருந்தார்கள். அவர்களில் ஊர்ப் போலீஸ்காரரும் ஒருவர்.

மேஜையில் இரண்டு கம்ப்யூட்டர்கள் போர்வைக்குள் இருந்தன, முதுகு மட்டும் தெரியும்படி.

"ரெண்டா?" என்றார் மாஸ்டர்.

"ரெண்டயும் பாத்துச் சொல்லுங்க மாஸ்டர்" என்றாள் விதோசவா. "எதுக்கு எவ்வளவு பிடிச்சிருக்குன்னு பதிவேட்டுல ஏத்தணும்."

பதிவேடு என்றால் யாருக்குத்தான் சந்தேகம் வரும்? மாஸ்டர் மெழுகுவத்தியை ஏற்றினார். முதலாவதன் பின்னால் பிடித்தார், சுடர் சாய்ந்தது. இரண்டாவதன் பின்னால் பிடித்தார். இன்னும் நன்றாகச் சாய்ந்தது.

"அய்யய்யோ. இது ரொம்ப முத்தின கேஸு. மூணு மாசமா உள்ள ஓடிட்டிருக்கு. கம்பி வழியா பூந்து எலும்பு வரைக்கும் போயிருச்சு."

விதோசவா அதை வார்த்தை பிசகாமல் எழுதினாள். பிறகு போர்வையை எடுத்தாள். "இது எக்ஸ்ரே அறை கம்ப்யூட்டர். பெட்டிய இன்னிக்கி காலைல எட்டு மணிக்குத்தான் பிரிச்சோம். முத்திர இதோ இருக்கு, டாக்டர் கையெழுத்தும் இருக்கு. டெலிபோன் கம்பி இதுல மாட்டவே இல்ல. மூணு மாசம் முன்னாடி இது பொறக்கவே இல்ல மாஸ்டர்."

மாஸ்டர் மெழுகுவத்தியை ஊதி அணைத்தார்.

"ஃபேக்டரிலயே பிடிச்சிருக்கும்" என்றார்.

"இருக்கட்டும். அப்ப ஜன்னல் துள்ளணுமே? எல்லாரும் பாருங்க." இருபது நிமிஷம் காத்திருந்தார்கள். அந்த வெக்கையில் இருபது நிமிஷம் லேசான விஷயமில்லை. புதுக் கம்ப்யூட்டரின் திரை கழுவி வைத்த தட்டு போல இருந்தது. ஒரு ஜன்னலும் திறக்கவில்லை. விதோசவா அடைப்பான் சி.டி.யை எடுத்து அதில் போட்டாள். கம்பி இல்லை. இன்டர்நெட் இல்லை. கதவு, ஜன்னல் எல்லாம் மாஸ்டரே அடைத்து வைத்தது. நான்காவது நிமிஷம் திரையில் துள்ளியது: ஆபத்து, காற்று புகுந்துவிட்டது, உங்கள் மாஸ்டரைக் கூப்பிடவும்.

"கூப்பிட வேணாம், இங்கதான் நிக்கறாரு" என்றது பின்வரிசையிலிருந்து ஒரு குரல். யாரோ சிரித்தார்கள். சிரிப்பு மெல்ல முன்வரிசைக்கு வந்தது.

யாகோதா ஸ்க்ரூடிரைவரால் கம்ப்யூட்டரின் பக்கத் தகட்டைக் கழற்றினாள். உள்ளே உள்ளங்கையளவு விசிறி ஒன்று சுற்றிக்கொண்டிருந்தது. "இதான் உங்க ப்ரொமாயா. சூடு தணிக்க வச்சிருக்கான். எல்லா மெஷின்லயும் இருக்கு. நேத்தே ஒரு மெஷினைக் கழட்டிப் பாத்துட்டேன்."

முன்வரிசையில் நூலகர் நின்றிருந்தார். அவர் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. "அப்ப என் பட்டியல்?" என்றார்.

"நல்லா கேளுங்க அவரையே" என்றாள் யாகோதா.

மாஸ்டர் புதிமிர் நைசாகக் கதவுப் பக்கம் நகர்ந்தார். ஈரத் துண்டு அடியில் இறுகிக் கதவு திறக்கவில்லை. அவ்வளவு நன்றாக அடைக்கச் சொல்லியிருந்தார். போலீஸ்காரர் தன் கம்ப்யூட்டரைப் பக்கத்தில் நின்றவரிடம் கொடுத்துவிட்டு எழுந்து போய்த் தோளில் கை வைத்தார். அந்த நேரத்திலும் மாஸ்டருக்கு வாய் அடங்கவில்லை.

"நான் யாரு வீட்டுக்கும் கூப்பிடாம போகல. வெயில்ல வரிசைல நின்னது நீங்க. நான் ஒரு மெழுகுவத்தி பிடிச்சேன், மிச்சத்தையெல்லாம் நீங்களேதான் சொன்னீங்க."

அயோக்கியன் சொன்னதிலேயே உண்மையானது அது ஒன்றுதான். அதனால்தானோ என்னவோ கூட்டத்துக்கு அப்போதுதான் நிஜமாகவே கோபம் வந்தது.

டாக்டர் மிலுதின் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "எனக்கு ஆரம்பத்துலேயே ஒரு சந்தேகம் இருந்துச்சு" என்று தொடங்கினார். விதோசவா ஓட்டெடுப்புக் குறிப்பேட்டை அவர் முன்னால் திறந்து வைத்தாள். அவர் கையெழுத்து, கீழே அவள் கையெழுத்து.

"இதுல என் கையெழுத்தும் இருக்கு" என்றாள் விதோசவா கூட்டத்தைப் பார்த்து. "நான் யோசிக்காம கை தூக்கினேன். உங்க பிள்ளைங்க கணக்கு இன்னிக்கி மதியம் அழிஞ்சிருக்கும், தெருவுல ஒருத்தன் கம்பிய அறுக்காம இருந்தா. டாக்டர், நகல் எடுக்கலாம்னு இப்பவே எழுதிக் குடுங்க."

டாக்டர் எழுதிக் கொடுத்தார். முத்திரை நேராக விழுந்தது. யாகோதா நின்ற இடத்திலேயே முதல் நகலை எடுக்க ஆரம்பித்தாள். ஒரு தாய் தன் பெண்ணின் பெயர் திரையில் ஓடுவதைப் பார்த்து விரலால் தொட்டுக் காட்டினாள். தட்டம்மை ஊசி, போன மார்ச், தடிப்பு வரவில்லை. எல்லாம் இருந்தது.

விதோசவா போய்க் கிழக்குப் பக்கத்து ஜன்னலைத் திறந்தாள். பிறகு மேற்குப் பக்கத்து ஜன்னலையும் திறந்தாள். இருநூறு பேர் ஒரே நேரத்தில் கழுத்தைப் பிடித்துக்கொண்டார்கள். அவள் கையும் கழுத்துக்குத்தான் போனது. இருபத்தாறு வருஷத்துக் குமாஸ்தாவானாலும் இந்த ஊர்க்காரிதானே. ஆனால் ஜன்னலை மூடவில்லை. காற்று ஊடே பாய்ந்தது. வியர்த்த முதுகுகளில் பட்டது. ஒருவரும் சாகவில்லை. சிலர் சொக்கிப்போய்க் கண்ணைக்கூட மூடிக்கொண்டார்கள்.

கூட்டம் கலையும்போது, சந்தை வரிசையில் நின்ற டிராக்டர்க்காரர் அவளிடம் வந்தார். மெஷினைச் சுமந்துகொண்டிருந்தார். சிவப்பு நூல் இன்னும் கம்பியில் தொங்கியது.

"விதா அக்கா, அந்தாளு பொய்யின்னு புரிஞ்சிருச்சு. இனிமே யாரக் கேக்கறது? நீங்க எத வாங்கச் சொல்றீங்களோ அதையே வாங்கிக்கறோம். நீங்க சொன்னா கண்ண மூடிக்கிட்டு வாங்குவோம்."

பின்னால் இருபது முப்பது பேர் ஆமாம் ஆமாம் என்றார்கள். சிலர் வரிசையாகவே நின்றுவிட்டார்கள்.

விதோசவாவுக்கு இப்போதுதான் நிஜமாகவே பயம் வந்தது.

"என்னயும் நம்பாதீங்க" என்றாள். "நான் கை தூக்கினவ. நாளைக்கி யாகோதாவோட இலவசப் புரோகிராமப் போட்டாலும் சரி, வேற எதப் போட்டாலும் சரி. மொதல்ல டெலிபோன் கம்பியப் பிடுங்குங்க. அப்புறமும் பயமுறுத்தினா, பயமுறுத்தறது யாருன்னு பாருங்க."

"எவ்வளவு நேரம் அக்கா பிடுங்கி வைக்கணும்? எந்தக் கெழமைல?" என்று கேட்டார் டிராக்டர்க்காரர், ரொம்ப பயபக்தியோடு.

நாள் கிழமை பார்த்துப் பிடுங்க அது என்ன மூலிகையா? கம்பி, எந்நேரமும் பிடுங்கலாம். மண்டையையும் அப்படித்தான், எந்நேரமும் உபயோகிக்கலாம். அதற்கு ஒரு மாஸ்டரும் தேவையில்லை.